கடல் பக்கம் விழும் நிழல்

இராமநாதபுரத்தில் பஸ் ஏறும்போதே
கண்டக்டர் கேட்டார்:
"கீழக்கரைக்கா? இந்த வெயிலுக்கா?"
என் பையில் தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரத்தின்
விலைப்பட்டியல் நாற்பது பிரதி.
வழியெல்லாம் பனை.
ஒன்றின் நிழலை இன்னொன்று கடன் கேட்காத
தூரத்தில் நின்ற பனை.

பன்னிரண்டு மணிக்கு ஊர் கதவடைத்துவிட்டது.
பித்தளை வளையத்தைத் தொட முடியவில்லை,
கைக்குட்டையைச் சுற்றித்தான் தட்டினேன்.
மாடியிலிருந்து ஒரு குரல்:
"பாக்கர் தூங்குறார். அசருக்கு அப்புறம் வாங்க காக்கா."

மூன்றரை மணி நேரம்.
ஒரு விற்பனைப் பிரதிநிதியின் கையில்
இவ்வளவு நேரத்தைக் கொடுக்கக் கூடாது,
அவன் வரலாறு பார்க்கக் கிளம்பிவிடுவான்.

"கோட்டைச் சுவர் எங்கே?"
தொதல் கடைக்காரர் இடது பக்கம் கைகாட்டினார்.
மருந்துக் கடையில் வலது பக்கம்.
லீவு விட்ட சைக்கிளில் வந்த சீனி நைனா
"கோட்டையெல்லாம் இல்ல, அது பழைய பண்டகசாலை,
அரிசி மூட்டை கிடந்துச்சாம்" என்றான்.
பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு
"கோட்டைன்னும் சொல்லுவாங்க" என்றான்.

எதுவாகவோ இருந்துவிட்டுப் போகட்டும்.
முப்பதடி நீளம், எட்டடி உயரம்,
நடுவில் ஆள் நுழையும் உடைப்பு.
முருகைக்கல்.
உற்றுப் பார்த்தால் கல்லுக்குள் ஒரு சிப்பி
ஏதோ சொல்ல வந்து பாதியில் நின்றிருக்கிறது.
கடலிலிருந்து எடுத்து
கடலுக்கு எதிராக நிறுத்தியிருக்கிறார்கள்.
மீதிச் சுவர் எங்கே என்று யாரையும் கேட்கவில்லை.
எதிர்வீட்டுப் படியில் இருந்தது.
கிணற்று விளிம்பில் இருந்தது.
துணி துவைக்கும் கல்லாகச்
சோப்பு நுரையில் இருந்தது.

ஊர்ப்பக்கம் ஒரு விரற்கடை நிழல் இல்லை.
சித்திரை பிறந்ததும் சூரியன் தலை தாண்டி
வடக்கே ஏறிவிடுகிறது.
உச்சிப்பொழுதின் நிழல்
மதிலை விட்டிறங்கிக்
கடல் பக்கம் விழுகிறது.
உள்ளே காக்கப்பட்டவர்கள் வெந்துகொண்டிருக்க
வந்திறங்குகிறவனுக்கு
ஒன்றரை அடி குளிர்ச்சி.
கட்டச் சொன்னவருக்கு இது தெரிந்திருக்குமா?
கொத்தனாருக்குத் தெரிந்திருக்கும்.
மத்தியானச் சோற்றை அவர்
எந்தப் பக்கம் உட்கார்ந்து தின்றிருப்பார்?

உடைப்பு வழியே நுழைந்து
அந்த ஒன்றரை அடிக்குள் நானும் நின்றேன்,
முதுகைக் கல்லோடு ஒட்டி.
ஏற்கெனவே அங்கே
இரண்டு ஆடுகள், ஒரு தபால்காரர்,
நுங்குக் கூடையுடன் முத்திருளாயி.
யாரும் யாரையும் பார்க்காமல்
எல்லோரும் கடலைப் பார்த்து
குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றோம்.
கடல் அசையவில்லை.
தகரத்தைப் பரப்பிவைத்ததுபோல் கிடந்தது.

"காலைத் தள்ளி வைங்க, கூடையில வெயில் படுது"
என்றாள் முத்திருளாயி.
வைத்தேன். மூன்று நுங்கு இருபது ரூபாய்.
கட்டை விரலால் கண்ணைத் தோண்டிக் குடித்தபோது
சட்டையெல்லாம் தெறித்தது.
"எப்பவும் இந்தப் பக்கம்தானா கடை?"
"தையில வாங்க.
கிழங்கோட அந்தப் பக்கம் இருப்பேன்.
அப்ப நெழலு ஊர்க்காரவுகளுக்கு."
அவ்வளவுதான். சில்லறையை எண்ணத் தொடங்கிவிட்டாள்.

நிழல் மெல்ல அகலமாயிற்று,
இரண்டடி, இரண்டரை.
தபால்காரர் உட்கார்ந்தார்.
ஓர் ஆடு என் விலைப்பட்டியலில்
ஐந்தாம் பக்கத்தைத் தின்றது,
அதிக விலையுள்ள மாடல் இருந்த பக்கம்.

பாங்கு கேட்டுக் கிளம்பினேன்.
நான் நின்ற இடத்தை அந்த ஆடு எடுத்துக்கொண்டது.

பாக்கர் சாகிபு தூக்கம் கலையாத முகத்தோடு
கதவைத் திறந்தார்.
அவர் வீட்டில் ஏற்கெனவே எந்திரம் இருந்தது.
ஒரு டம்ளர் அதிலேயே பிடித்துக் கொடுத்துவிட்டு
"முதுகெல்லாம் என்ன தம்பி, சுண்ணாம்பு?" என்றார்.

திரும்பிக் காட்டினேன்.
தட்டிவிடக் கையெடுத்தவர்
கொஞ்ச நேரம் தட்டாமலே நின்றார்.